பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கோடைக்கால ஆராய்ச்சி வாய்ப்பு



நம் வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால், நீட் என்றும் ஜே.இ.இ. என்றும் வீடு முழுக்க ஒரே பேச்சாக இருக்கும். அதில் இடம் கிடைத்தவர்களுக்கு விருந்து வைக்கிறோம். கிடைக்காமல் பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்த பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "ஏதோ டிகிரி படிக்குது சார்" என்று பதில் வருகிறது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு நல்ல பாதை இருக்கிறது, அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, ஆனால் கடைசித் தேதி தவறினால் ஓராண்டு போய்விடும் என்பதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

என்னைப் பற்றி இரண்டு வரி. சிவில் டிப்ளமா முடித்துவிட்டுத் தென்னக ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகனுடைய உத்தியோகம் காரணமாக இப்போது பத்துபஸ்தியில் வாசம். ரயிலே இல்லாத தீவில் ரயில்வே இன்ஜினியருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிரிப்பார்கள். மூன்று நான்கு ஆண்டுகளாக அக்கம்பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

ஆராய்ச்சி என்றால் என்ன?

கல்லூரியில் பிராக்டிகல் வகுப்பு உண்டு. ஊசலை ஆட்டிவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். விடை 9.8 என்று மாணவனுக்கு முதலிலேயே தெரியும். 9.3 வந்தால் கணக்கை "சரி செய்து" 9.8 ஆக்கிக் கையெழுத்து வாங்கிவிடுவான். இது பயிற்சி. இதுவும் தேவைதான். ஆனால் இது ஆராய்ச்சி ஆகாது. விடை யாருக்கும் முன்கூட்டித் தெரியாத கேள்வியை எடுத்துக்கொண்டு, அளந்தோ கணக்கிட்டோ பதில் தேடுவதுதான் ஆராய்ச்சி.

என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். இரும்பு சூட்டில் விரியும் என்பது பள்ளிப் பாடம். ஒரு கிலோமீட்டர் நீளத் தண்டவாளத்தைத் தடையில்லாமல் விட்டால், வெப்பம் 10 டிகிரி ஏறும்போது அது சுமார் 12 சென்டிமீட்டர் நீளும். இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் இப்போது தண்டவாளங்களை நெடுந்தூரத்துக்குப் பற்றவைத்து, ஸ்லீப்பரோடு இறுக்கிப் பிடித்துவிடுகிறோம். அதனால் நடுப்பகுதி நீள முடியாது. நீள முடியாத இரும்புக்குள் விசை சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் மத்தியான வெயிலில் பாதை பக்கவாட்டில் வளைந்துவிடக்கூடும். எந்த இடத்தில், எந்த வெப்பத்தில் வளையும்? ஜல்லியின் இறுக்கம், ஸ்லீப்பரின் எடை, வளைவின் அளவு என்று பத்து விஷயங்களைப் பொறுத்தது அது. ஒரு சூத்திரத்தைப் போட்டு ஒரே வரியில் விடை எழுத முடியாது. பாதையில் போய் அளக்க வேண்டும், கணக்கிட வேண்டும், கணக்கும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். அந்த "ஏன்" வரும் இடத்தில்தான் ஆராய்ச்சி ஆரம்பமாகிறது.

இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு இந்த அனுபவத்தை இரண்டு மாத அளவில் கொடுப்பவைதான் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்கள். ஒரு விஞ்ஞானியின் கீழ் அமர்ந்து, அவர் கொடுக்கும் சிறிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு, முடிவில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இது புதிதல்ல

சர் சி.வி. ராமன் அவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. மாணவராக இருந்த 1906ஆம் ஆண்டிலேயே, 18 வயதில், ஒளியைப் பற்றிய தம் முதல் கட்டுரையை லண்டன் இதழ் ஒன்றில் வெளியிட்டார். அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர் அவர்களும் அதே கல்லூரியில் படித்தவர். 1928ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவர் கல்கத்தாவில் சித்தப்பாவின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அந்த ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதிதான் ராமன் விளைவு கண்டறியப்பட்டிருந்தது. ஆய்வுக்கூடமே சுறுசுறுப்பாக இருந்த நேரம். அதே ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். சந்திரசேகர் அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். தாம் படித்த இயற்பியல் பழையதாகிவிட்டது, புதிய குவாண்டம் இயற்பியல் பிறந்துவிட்டது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மறு ஆண்டே, பட்டப்படிப்பு முடியும் முன்பே, லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் கட்டுரை வந்தது. 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, வெள்ளைக் குள்ள விண்மீன்களைப் பற்றி அவர் போட்ட கணக்குதான் பிற்பாடு பெரும்புகழ் பெற்றது. 1983இல் நோபல் பரிசு வந்தது. கப்பல் பயணத்தை வீண்பொழுது என்று அலுத்துக்கொள்ளும் நம் தீவுப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்!

சந்திரசேகருக்குச் சித்தப்பா இருந்தார். நம் பிள்ளைகளுக்கு அப்படி யாரும் இல்லை. துறைமுகத்திலும் பொதுப்பணித் துறையிலும் கடைத்தெருவிலும் உழைக்கும் குடும்பங்கள் நம்முடையவை. அந்தச் சித்தப்பாவின் இடத்தை ஓரளவு நிரப்பத்தான் இத்திட்டங்கள் இருக்கின்றன.

எங்கெல்லாம் வாய்ப்பு?

முதலில் சொல்ல வேண்டியது மூன்று அகாடமிகளின் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை. ராமன் 1934இல் தொடங்கிய பெங்களூர் இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ், டெல்லியிலுள்ள இந்தியன் நேஷனல் சயின்ஸ் அகாடமி, அலகாபாத்தில் (இப்போது பிரயாக்ராஜ்) 1930இல் தொடங்கப்பட்ட நேஷனல் அகாடமி ஆஃப் சயின்சஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்துவது. கால அளவு இரண்டு மாதம். தேர்வானவரை நாட்டின் ஏதாவதொரு ஆய்வு நிறுவனத்திலோ பல்கலைக்கழகத்திலோ உள்ள விஞ்ஞானியிடம் அனுப்புவார்கள். மாத உதவித்தொகை உண்டு. ரயில் கட்டணமும் ஒரு வரம்புக்குள் கொடுப்பது வழக்கம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

தமிழ்நாட்டிலேயே சில இடங்கள் உள்ளன. சென்னை தரமணியில் 1962இல் தொடங்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனம் கோட்பாட்டு இயற்பியலில் கோடைக்கால மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் கொடைக்கானலில் கோடைப்பள்ளி நடத்திவருகிறது. 1899இல் ஏற்பட்ட கொடைக்கானல் வானாய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துவரும் இடம். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கான ஆறு வாரக் கோடைப் பயிற்சி நடத்துவார்கள். அதைப் பி.எஸ்ஸி. முடித்த பிறகு நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வெளி மாநிலத்தில், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனம், அதே ஊரில் கோட்பாட்டு அறிவியலுக்கான சர்வதேச மையம், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், புனேயில் வானியலுக்கான பல்கலைக்கழகங்களிடை மையம் ஆகியவை தனித்தனியே மாணவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. வெளிநாட்டில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடம் 1962 முதலே கோடை மாணவர் திட்டம் நடத்திவருகிறது. 2017 முதல் இந்தியா அதன் இணை உறுப்பு நாடு. முதலில் உள்நாட்டில் ஓர் அனுபவம் பெற்றுவிட்டு அங்கே முயல்வது நல்லது.

விண்ணப்பத்தில் என்ன கேட்பார்கள்?

மூன்று விஷயங்கள்தான். மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் பரிந்துரைக் கடிதம், மாணவர் தம் கைப்பட எழுதும் ஒரு சிறு குறிப்பு. பொதுவாக இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களே விண்ணப்பிக்கலாம். அகாடமித் திட்டத்துக்கு அக்டோபர், நவம்பர் மாதங்களில் விண்ணப்பம் வாங்குவார்கள். மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. எல்லாம் இன்டர்நெட் வழியாகத்தான். சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி இணைப்புக் கொடுத்தபின், அந்தச் சாக்கு நமக்கு இல்லை. ஆனாலும் கடைசி நாள் இரவு வரை காத்திருக்கக் கூடாது.

பரிந்துரைக் கடிதத்துக்கு, துறைத் தலைவர் என்பதற்காக ஒருவரிடம் போய் நிற்க வேண்டாம். பிள்ளையின் பெயரையும் வேலையையும் அறிந்த ஆசிரியரிடம் கேட்க வேண்டும். "நன்னடத்தை உள்ளவர்" என்று எழுதுவதால் பயன் இல்லை. "ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனையில் அளவு ஒத்துவராதபோது இந்த மாணவி தானாகவே மூன்று முறை திரும்பச் செய்து காரணத்தைக் கண்டுபிடித்தாள்" என்று ஒரு வரி இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். கேட்கும்போதே குறைந்தது இரண்டு வாரம் அவகாசம் கொடுப்பதுதான் மரியாதை.

சிறு குறிப்புதான் முக்கியம். நான் பார்த்த பத்துக் குறிப்புகளில் எட்டு, "சிறு வயது முதலே எனக்கு அறிவியல் மீது தீராத ஆர்வம்" என்றுதான் தொடங்கின. தேர்வு செய்பவருக்கு இதிலிருந்து எதுவும் தெரியாது. என்ன படித்தாய், எங்கே சந்தேகம் வந்தது, எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று நேராக எழுத வேண்டும்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. சிப்பிகாட் பக்கம் போகும்போதெல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் பழைய வயல்களைப் பார்க்கிறோம். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) பகுதியின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்ததால் வந்த தண்ணீர் அது. அதே பூகம்பத்தில் வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து, பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்தன. ஒரே தீவுக்கூட்டத்தில் ஓரிடம் தாழ்வதும் ஓரிடம் உயர்வதும் எப்படி? இது சுத்தமான இயற்பியல் கேள்வி. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே வந்த பூகம்பத்தின் சுனாமி, வங்கக் கடலைச் சுற்றியிருந்த கடல்மட்டக் கருவிகளில் கோடாகப் பதிவானது. அந்தப் பழைய பதிவுகளை வைத்து விஞ்ஞானிகள் கணக்கிட்டு, அந்தப் பூகம்பத்தின் அளவு சுமார் 7.9 என்று 2003இல் வெளியிட்டார்கள். 120 ஆண்டுக்கு முன் யாரோ ஒருவர் ஒழுங்காகக் கருவியைப் பராமரித்ததன் பலன்! இதையெல்லாம் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதையே கேள்வியாக எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பெற்றோரின் மூன்று கேள்விகள்

எங்கள் பகுதியில் ஒரு பெண் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். தந்தை லாரி ஓட்டுபவர், பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். முதல் ஆண்டு விண்ணப்பித்தாள், கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு திரும்ப எழுதினாள், சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்குத் தேர்வானாள். ஒப்புதல் தெரிவிக்கப் பத்து நாள்தான் அவகாசம். ஆறு நாள் வரை வீட்டில் பதில் இல்லை. ஏழாம் நாள் தந்தை என்னிடம் வந்து, "அண்ணாச்சி, பொம்பளைப் பிள்ளையை ரெண்டு மாசம் தனியா எப்படி அனுப்ப? செலவுக்கு எங்கே போக? போய்ட்டு வந்தா வேலை கிடைக்குமா?" என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. ஒவ்வொன்றுக்கும் நேர்மையான பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதலாவது, பாதுகாப்பு. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் வளாகத்துக்குள்ளேயே விடுதி அல்லது விருந்தினர் இல்லம் உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் இடம் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தேர்வுக் கடிதம் வந்தவுடன், தங்குமிடம் எது, பெண்களுக்குத் தனி விடுதியா, சாப்பாடு எங்கே என்று அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். முதல் தடவை பெற்றோரில் ஒருவர் உடன் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. அந்தத் தந்தையிடமும் "தம்பி, நீங்களே கூடப் போய்ப் பார்த்துவிட்டு, மனசுக்குச் சரியென்று பட்டால் விட்டுவிட்டு வாருங்கள்" என்றுதான் சொன்னேன்.

இரண்டாவது, செலவு. உதவித்தொகையில் தங்குமிடமும் சாப்பாடும் சிக்கனமாக ஒப்பேறிவிடும். ஆனால் பணம் பெரும்பாலும் கொஞ்ச நாள் கழித்தே கையில் வரும். ஆகவே முதல் மாதச் செலவுக்குக் கையில் வைத்திருக்க வேண்டும். நம் பிரச்சினை பயணம்தான். ரயில் கட்டணம் தருவோம் என்பார்கள். நம் ஊரிலிருந்து சென்னைக்கு ஏது ரயில்? கப்பல் டிக்கெட்டை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தீவுவாசிகளுக்கான சலுகைக் கட்டணத்தில் போனால் கப்பல் செலவு குறைவு. சுமார் மூன்று நாள் ஆகும். கேரளத்துக்கு முன்பே, மே மாதக் கடைசி வாக்கில் நமக்குப் பருவமழை வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். கப்பல் தாமதமாகலாம். ஆகவே சேர வேண்டிய தேதிக்கு நாலைந்து நாள் முன்னதாகப் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். கல்லூரித் தேர்வு மே மாதத்தில் விழுந்தால், சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று விஞ்ஞானிக்கே பணிவாக எழுதலாம். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, வேலை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் போய்வந்ததால் வேலை கிடைக்காது. கிடைப்பது வேறு. தனக்கு ஆராய்ச்சி ஒத்துவருமா இல்லையா என்பது இருபது வயதிலேயே தெரிந்துவிடும். ஒத்துவராது என்று தெரிந்தாலும் லாபம்தான், பி.எட். பக்கமோ போட்டித் தேர்வுப் பக்கமோ தெளிவாகப் போகலாம். ஒத்துவரும் என்றால், எம்.எஸ்ஸி.க்கு எங்கே சேர வேண்டும், எந்த நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்பதை அங்கே இருக்கும் மூத்த மாணவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். பிறகு பி.எச்டி. படிப்பவருக்குச் சம்பளம் போல உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். படிக்கிற காலத்தில் வீட்டுக்குப் பாரமாக இருக்க வேண்டியதில்லை என்பதை நம்மவர்களில் பலர் அறியவில்லை.

அந்தப் பெண் போனாள். முதல் மூன்று வாரம் புத்தகம் படிப்பதிலும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்பதிலுமே கழிந்தது, ஒன்றும் புரியவில்லை என்று போனில் அழுதாளாம். ஐந்தாம் வாரத்தில் வரைபடம் வந்தது. வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இது சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டாராம். சரிபார்த்ததில் ஓர் அலகு மாற்றம் விட்டுப்போயிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து. ஜூலையில் 20 பக்க அறிக்கையோடு திரும்பினாள். "கல்லூரியில் யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை தாத்தா" என்றாள். இப்போது எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அவள் தம்பிக்கு விண்ணப்பம் எப்போது வரும் என்று தந்தையே வந்து விசாரிக்கிறார்.

ஓர் எச்சரிக்கை

"இன்டர்ன்ஷிப்" என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்தே நாலு வீடியோ பார்க்கச் சொல்லிச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் வியாபாரம் பெருகியிருக்கிறது. நமக்குத் தெரிந்த குடும்பமொன்று அப்படிப் பணம் கட்டியது. அந்தச் சான்றிதழை எந்த ஆய்வு நிறுவனமும் பொருட்படுத்தவில்லை. அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சித் திட்டங்கள் மாணவருக்குப் பணம் கொடுப்பவை. மாணவரிடம் ஆயிரக்கணக்கில் கேட்டாலே அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

ஆகஸ்டில் மதிப்பெண் பட்டியல்களை ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் ஆசிரியரிடம் பேசுங்கள். அக்டோபரில் குறிப்பை எழுதி இரண்டு பேரிடம் காட்டித் திருத்துங்கள். நவம்பர் நடுவுக்குள் அகாடமி விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். ஜனவரியில் மற்ற நிறுவனங்களின் அறிவிப்புகளைப் பாருங்கள். ஒரே இடத்தை நம்பாமல் நாலைந்து இடத்துக்கு எழுதுங்கள். கிடைக்காவிட்டால் மனம் தளராமல் மறு ஆண்டும் எழுதுங்கள். இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் மிக அதிகம். கிடைக்காததால் பிள்ளை மட்டம் என்று அர்த்தம் இல்லை.

சங்கக் கட்டிடத்தில் அக்டோபர், நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 12 மணி வரை நான் இருப்பேன். பி.எஸ்ஸி. படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோரோடு அனுப்பிவையுங்கள். மதிப்பெண் பட்டியலும், எழுதிப் பார்த்த குறிப்பும் கையில் இருந்தால் போதும்.